கூறை எடுக்கப் போன நாள்

சென்ற ஆவணியில் என் அண்ணன் மகளின் திருமணத்துக்குக் கூறைப்புடவை எடுக்க ஈரோட்டுக்குப் போயிருந்தோம். அந்தக் கடையில் நான் சொன்ன ஒரு வாக்கியம் இன்றுவரை என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் சங்க இலக்கியம் நடத்துகிறவள் சொல்லியிருக்கக் கூடாத வாக்கியம் அது. அதை எழுதிவிடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் அன்றைய பயணத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் உறவில் கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டுப் பொறுப்பு. பெண் வீட்டார் உடன் போவது பிற்காலத்தில் வந்தது. பெண்ணையே அழைத்துப் போவது அதற்கும் பின்னால் வந்தது. என் திருமணத்துக்கு நான் போகவில்லை. "பொண்ணு எதுக்குங்க, நாங்களே பாத்து எடுத்துட்டு வந்தர்றோம்" என்று சொல்லிவிட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின இரவு தாம்பாளத்தில் வைத்து நீட்டியபோதுதான் என் கூறையின் நிறம் எனக்கே தெரிந்தது. வெளிர் ரோஸ். "கொஞ்சம் எடுப்பாக் காட்டட்டும்னு எடுத்தமுங்க" என்று யாரோ ஒரு பெரியவர் என் அம்மாவிடம் சமாதானம் போலச் சொன்னதும், அம்மா தலையசைத்ததும் நினைவிருக்கிறது. நான் கறுத்தவள். என் அண்ணன் மகளும் என் நிறம்தான். "அத்தையைக் கொண்டு பொறந்திருக்கா" என்று அவள் பிறந்த நாளிலிருந்தே சொல்லிவருகிறார்கள்.

அவள் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். காங்கேயத்திலிருந்து காலையில் கம்பெனி பஸ்ஸில் போய் இரவு திரும்புகிறவள். எங்கள் ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் காளை நினைவுக்கு வரும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அரிசி ஆலைகளும் தேங்காய்க் களங்களும். ஆனால் என்னிடம் படிக்கிற பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டுச் சோறு பனியனிலிருந்துதான் வருகிறது. தைப்பது, மடிப்பது, சாயம் போடுவது என்று ஏதோ ஒரு நுனியில் வீட்டுக்கு ஓர் ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

சென்னிமலை வழியாக வேனில் போனோம். இரு வீட்டாரும் சேர்ந்து 14 பேர். நொய்யலைக் கடக்கும்போது அண்ணன் வழக்கம்போலப் பேச்சை நிறுத்திவிட்டு மேற்கே பார்த்தார். அந்தப் பக்கம்தான் ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த அணை, சில ஆண்டுகளுக்குள் சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது. கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலை வரும்வரை திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. அண்ணனுக்கு ஆற்றோரத்தில் நிலம் இருந்தது. எந்தச் சாயம் நிலத்தைக் கெடுத்ததோ அதே தொழிலில் மகள் சம்பாதிக்கிறாள். இதை அவரிடம் யாரும் பேசுவதில்லை. நிறம் என்பது எங்கள் பகுதியில் வெறும் அழகு சார்ந்த விஷயமாக ஒருநாளும் இருந்ததில்லை என்பதற்காகச் சொன்னேன்.

*

கடையின் பெயர் வேண்டாம். பட்டுக்கென்று மூன்றாவது மாடி முழுவதும் ஒதுக்கியிருந்தார்கள். வெள்ளை விரித்த மெத்தையில் எல்லோரும் அமர்ந்தோம். விற்பனையாளருக்கு ஐம்பது வயதிருக்கும், தொழில் தெரிந்தவர். "பொண்ணு யாருங்க?" என்று கேட்டார். அவளைக் காட்டினோம். ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் திரும்பி, வலப்பக்க அலமாரியிலிருந்து எடுத்துப் போட ஆரம்பித்தார்.

வந்தவை எல்லாம் வெளிர் நிறங்கள். பிஸ்தா, பீச், இளம் லாவெண்டர், சந்தனம். இடப்பக்க அலமாரியில் அரக்கும் மயில்கழுத்தும் வாடாமல்லியும் கரும்பச்சையும் அடுக்கடுக்காக இருந்தன. அந்தப் பக்கம் அவர் கை போகவேயில்லை. எந்த நிறம் வேண்டும் என்றோ, என்ன விலையில் வேண்டும் என்றோ அவர் கேட்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் எல்லாம் முடிவாகிவிட்டது.

"இந்தக் கலர் பொண்ணைத் தூக்கிக் காட்டுமுங்க" என்று பிஸ்தாவை அவள் தோளில் விரித்தார். மாப்பிள்ளையின் பெரியம்மா ஆமோதித்தார். அவர்தான் அந்த வீட்டில் மூத்தவர். "அரக்கெல்லாம் செவத்த புள்ளைகளுக்குத்தான் எடுக்குமுங்க. நம்ம பொண்ணு கொஞ்சம் மாநிறந்தானுங்களே" என்றார். அதைக் கனிவாகவே சொன்னார். புண்படுத்தும் நோக்கம் அவருக்குத் துளியும் இல்லை.

பெரியம்மா என் பக்கம் திரும்பினார். "காலேஜ் டீச்சர், நீங்க சொல்லுங்க. படிச்சவங்க."

நான் அண்ணன் மகளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "இந்த வெளிர் கலரே நல்லாத்தான் இருக்கு. போட்டோவுல பளிச்சுன்னு விழும்."

இதுதான் அந்த வாக்கியம்.

*

ஒவ்வோர் ஆண்டும் அகநானூற்றின் 86ஆம் பாட்டை நடத்துகிறேன். நல்லாவூர் கிழார் பாடியது. பழந்தமிழரின் திருமணம் எப்படி நடந்தது என்பதற்கு அந்தப் பாட்டும், விற்றூற்று மூதெயினனாரின் 136ஆம் பாட்டும்தான் நமக்குப் பெரிய சான்றுகள். உளுந்து கலந்த உணவு, பந்தல், பரப்பிய மணல், விளக்கு, திங்களும் உரோகிணியும் கூடிய நல்ல வேளை, மகனைப் பெற்ற மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டுவது எல்லாம் 86இல் வருகின்றன. மணப்பெண் உடுத்த புத்தாடையும் வருகிறது. அதைக் 'கோடி' என்றே புலவர் சொல்கிறார். அந்தச் சொல் இன்றும் எங்கள் ஊரில் உயிரோடு இருக்கிறது. கல்யாணத்துக்கும் கோடி எடுக்கிறோம், சாவுக்கும் கோடி போடுகிறோம்.

அந்தக் கோடி என்ன நிறம் என்று பாட்டில் இல்லை. 136ஆம் பாட்டிலும் இல்லை. ஆனால் 86ஆம் பாட்டில் மணப்பெண்ணின் நிறம் இருக்கிறது. பாட்டு முடிவதே அந்தச் சொல்லில்தான். அவள் மாயோள். மாமை நிறத்தவள். கணவன் தன் திருமண இரவை நினைத்துச் சொல்கிற பாட்டு அது. புடவையின் நிறத்தை மறந்துவிட்டு அவளுடைய நிறத்தைச் சொல்லி முடிக்கிறான்.

மாமை என்பதற்கு மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். அதுதான் அகப்பாடல்களின் பெண்ணழகு. வெளுப்பதற்கு அங்கே வேறு பெயர்: பசலை. அது நோய். தலைவன் பிரிந்ததால் வந்து படர்வது, தலைவியின் அழகைத் தின்பது, தோழியும் தாயும் கண்டு அஞ்சுவது. வகுப்பில் இதைச் சொல்லும்போது கறுத்த பெண்பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்காகவே சற்று அழுத்திச் சொல்வேன். 'மாநிறம்' என்று நாம் இன்று தயங்கித் தயங்கிச் சொல்லும் சொல்லிலும் அந்த 'மா'தான் இருக்கிறது, ஒரு காலத்துப் பாராட்டு இன்று வரன் விளம்பரத்தில் ஆறுதலாகச் சுருங்கிவிட்டது என்றும் சொல்வேன்.

இத்தனையும் தெரிந்தவள்தான் அந்த மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, மாயோள் ஒருத்திக்குப் பசலையைப் பரிந்துரைத்தேன்.

ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். சம்பந்தி வீட்டாரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்பது ஒரு காரணம். அது மட்டுமாக இருந்திருந்தால் பேசாமல் இருந்திருக்கலாமே. அந்த நேரத்தில், அந்தக் கண்ணாடியின் முன், பிஸ்தா நிறம் அவளுக்கு நன்றாக இருக்கிறது என்று நான் உண்மையிலேயே நம்பினேன். அதுதான் உறுத்துகிறது. 1975இல் இந்தியச் சந்தைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. என் கண்ணிலிருந்து அதை யார் எடுப்பது?

*

அவள் மறுத்துப் பேசவில்லை. முகம் வாடவும் இல்லை. புடவையின் முந்தியை மடியில் எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கினாள். முதலில் அட்டையைப் பார்த்தாள். சில்க் மார்க் இருந்தது. "இது பட்டு நூல்தான்னு மட்டும் சொல்லும் அத்தை. கைத்தறியா, ஜரிகை எப்பிடின்னெல்லாம் சொல்லாது" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு புடவையைப் புரட்டி, உடலும் கரையும் சேரும் இடத்தை உட்புறத்தில் விரலால் தடவினாள். காஞ்சிபுரத்துக் கோர்வை என்பது அந்த இணைப்புத்தான். உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். அதனால் தறியில் உதவிக்கு இன்னோர் ஆளும் வேண்டும். நல்ல ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியிருப்பார்கள் என்பதும், அதன் ஓரத்தைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரியும் என்பதும் விற்பனையாளரும் அவளும் பேசிக்கொண்டதிலிருந்து நான் தெரிந்துகொண்டது. அவர் அவளைப் பார்த்த பார்வை இப்போது மாறியிருந்தது.

"அண்ணா, இதைக் கீழ வாசலுக்குக் கொண்டு போயிப் பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் தயங்கினார். சரக்கு மாடியை விட்டு இறங்கக் கூடாது என்பது கடையின் விதியாம். மேற்பார்வையாளர் வந்தார். "இங்கயே லைட் நல்லாத்தானே இருக்குதும்மா" என்றார்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா முகூர்த்தம் சிவன்மலையிலீங்க. காலைல ஆறு மணிக்கு. அங்க இந்த லைட் இருக்காதுங்களே."

யாருக்கும் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒரு பையன் நான்கைந்து புடவைகளைத் தூக்கிக்கொண்டு வர, எல்லோரும் கீழே இறங்கினோம். வெயிலில் நிற்காமல், கட்டடத்தின் நிழலில் வடக்கே வானம் தெரியும் இடமாகப் பார்த்து நின்றாள். நேர்வெயிலில் நிறம் பார்க்கக் கூடாது, வடக்கு வானத்தின் வெளிச்சம்தான் மாறாமல் இருக்கும் என்றாள்.

அங்கே நின்றபடியே தன் வேலையைப் பெரியம்மாவுக்கு விளக்கினாள். வெளிநாட்டு வியாபாரி ஒரு துண்டுத் துணி அனுப்புவான். அதே நிறம் வரும்வரை ஆய்வகத்தில் சிறு சிறு துண்டுகளாகச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு 'லேப் டிப்' என்று பெயர். போட்ட துண்டையும் வந்த துண்டையும் ஒரு பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். பகல் வெளிச்சத்துக்கு டி65 என்று ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு டிஎல்84 என்று ஒரு விளக்கு, மஞ்சள் பல்புக்கு ஒன்று. ஒரு விளக்கில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணிகள், அடுத்த விளக்கில் அண்ணன் தம்பி போலக்கூட இருக்காது. அப்படியானால் அந்தச் சாயம் தேறாது, மறுபடியும் முதலிலிருந்து. "ஒரு விளக்குல மட்டும் பாத்து ஓகே சொன்னா எங்க மேனேஜர் வெளுத்துருவாருங்க பெரியத்தை" என்று சிரித்தாள்.

பிறகு பிஸ்தாவைத் தோளில் போட்டாள். மேலே கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்த அது, அந்த வெளிச்சத்தில் சாம்பல் பூத்திருந்தது. அவள் முகமும் அதனுடன் சேர்ந்து களைத்துப்போன முகமாகத் தெரிந்தது. பல நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் போல. பசலை என்ற சொல்லுக்கு இத்தனை ஆண்டுகளில் இதைவிடத் தெளிவான ஓர் உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. பீச்சும் அப்படியே. பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணா, இடது பக்கம் மேல்தட்டுல மூணாவதா ஒண்ணு இருந்துச்சுங்க. அதைக் கொஞ்சம்."

பையன் மேலே ஓடிப்போய் எடுத்து வந்தான். பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாக நெய்த இரட்டைச் சாயல் பட்டு. மடிப்பில் செம்பாகவும் விரிப்பில் பச்சையோடிய பழுப்பாகவும் மாறி மாறித் தெரிந்தது. கரை அரக்கு. தோளில் போட்டுக்கொண்டாள். புடவையைச் சற்றே அசைத்தாள். அவள் கழுத்தின் நிறமும் துணியின் நிறமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"இது என்ன கலருங்க?" என்று அண்ணி கேட்டார்.

"மாந்துளிருங்க. பழைய கலர். இப்பல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க" என்றார் விற்பனையாளர்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாந்தளிரை இருபது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு கடையின் மேல்தட்டில் யாரும் கேட்காமல் இருந்ததும், அதை அகநானூறு படிக்காத ஒருத்தி மூன்றாம் மாடியின் விளக்கொளியிலேயே கண்டுபிடித்து வைத்திருந்ததும் எனக்குத் தெரியாது.

பெரியம்மா முந்தியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "உள்ள பாத்தது வேற, இங்க பாக்கறது வேறயாட்டத் தெரியுதே" என்றார். சற்று நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "எனக்குமே ரோஸ்தான் எடுத்தாங்க" என்றார். நான் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அவரும் எங்கள் நிறம்தான்.

மாந்துளிரையே எடுத்தோம்.

*

திரும்பும்போது வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சென்னிமலை தாண்டும்வரை எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில், "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது அம்மணி" என்றேன்.

"எதை அத்தை?" என்று கேட்டாள். பிறகு புரிந்துகொண்டு, "நீங்க அந்த லைட்டுல பாத்தீங்க. அவ்ளோதானுங்க" என்றாள்.

அவள் என்னை மன்னித்துச் சொன்னாளா, அல்லது தொழில்முறையில் ஓர் உண்மையைச் சொன்னாளா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மணப்பெண்ணுக்குப் பொருந்துவது எது என்பதை ஒவ்வொரு காலமும் ஒவ்வொரு விளக்கில் பார்த்துத்தான் தீர்மானித்திருக்கிறது. வெள்ளை கவுன்தான் ஐரோப்பிய மணப்பெண்ணின் ஆதி உடை என்று நினைக்கிறோம். விக்டோரியா அரசி 1840இல் வெள்ளை உடுத்தி மணந்த பிறகுதான் அது பெருவழக்காகப் பரவியது; அதற்குமுன் பெரும்பாலான பெண்கள் தம்மிடம் இருந்ததில் நல்ல உடையை, அது எந்த நிறமானாலும், உடுத்தி மணந்தார்கள். நம்முடைய வெளிர் நிறங்களும் அப்படி வந்தவையே. வெளிர் நிறம் விரும்பும் பெண்கள் அதையே உடுத்தட்டும். என் அண்ணன் மகளிடம் எந்த நிறம் பிடிக்கும் என்று அன்று யாரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம். கேட்காதவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாள் காலை பீரோவிலிருந்து என் கூறையை எடுத்தேன். பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்க வேண்டும், நான் செய்யவில்லை. மடித்த இடங்களில் கீறல் விட்டிருந்தது, ஜரிகை கறுத்திருந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து, வடக்கே பார்த்து நின்று, தோளில் போட்டுப் பார்த்தேன். நல்ல புடவைதான். யாரோ ஒரு சிவந்த பெண்ணுக்காக நெய்தது.

*

ஐப்பசியில் திருமணம். சிவன்மலையில் முந்தின இரவு மழை பெய்திருந்ததால் படிகளெல்லாம் ஈரம். அலங்காரம் செய்ய வந்த பெண் முகத்துக்கு இரண்டு படி வெளுத்த பூச்சைக் கலந்தபோது, அவள் தன் கழுத்தைக் காட்டி, "அக்கா, இதோட ஒட்டற மாதிரிப் போடுங்க" என்று சொல்லிவிட்டாள். மேகம் மூடிய காலை வெளிச்சத்தில் மாந்துளிர் செம்பாகவும் பச்சையாகவும் மாறிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எந்த நிறத்தைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார்.

இறங்கும்போது உறவுக்காரர் ஒருவர் என்னுடன் நடந்துவந்தார். என்னைவிட மூத்தவர், நல்லவர். "கல்யாணம் அமோகமா நடந்துச்சுங்க. சீலை மட்டும் இன்னுங் கொஞ்சம் வெளிறலா எடுத்திருக்கலாம். பொண்ணு கொஞ்சம் பளிச்சுனு தெரிஞ்சிருக்கும்" என்றார்.

ஈரப்படியில் ஒரு கணம் நின்றேன்.

"இல்லீங்க," என்றேன். "எங்க பொண்ணு கறுப்புங்க. அவளுக்கு இதுதான் நல்லாருக்கு."